மல்பெக் போத்தலில் இறக்காமத்துத் தேன்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். சுபஹுத் தொழுகை முடிந்து வந்து, தேத்தண்ணி எடுக்கச் சமையலறைக்குள் போனபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பனிமலை. வெள்ளை லேபலில் நீல மையால் அச்சிட்ட மலை. அதன் அடியில் முந்திரிகைக் கொடிகளின் வரிசைகள். இடப்பக்க மூலையில், அந்தத் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. கரும்பச்சைப் போத்தல் ஒன்று எங்கள் சீனிப் பேணிக்கும் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் நடுவே நின்றது.

அந்த லேபலை எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்பில் ஒரு கடையின் தட்டிலிருந்து அதைத் தெரிந்தெடுத்தவன் நான்தான். அது அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் செய்த மல்பெக் என்ற சிவப்பு வைன். மருதமுனையில் என் வீட்டுக்குள் மது வந்ததில்லை. அந்தப் போத்தல்களில் ஒன்றையேனும் என் கை தொட்டதும் இல்லை.

"இது எங்கால வந்த?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"தேன். நோன்புக்கு எடுத்தன், கல்முனை மாக்கட்டுல."

"ஆருக்கிட்ட?"

"தேன் விக்கிற இறக்காமத்துக் காக்காதான். இப்ப இந்தப் போத்தல்லதான் கொண்டு வாறார். மத்தத விட விலை கூட. மலைத்தேனாம். பக்கத்து வீட்டு ராத்தா ரெண்டு எடுத்தா. பள்ளி பேஷ் இமாமும் வாங்கினாராம்."

"எந்த மலை?"

"எனக்கென்ன தெரியும்? படம் போட்டிரிக்கி, பாருங்களன்."

பார்த்தேன். தக்கை புதிது. உள்ளே இருந்தது தேன்தான்; வெளிச்சத்தில் சிவந்து தெரிந்தது. லேபல் ஒரு மூலைகூடக் கிழியாமல் ஒட்டியிருந்தது.

இது எப்படி நடந்திருக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்பு, நான் ஏன் வைன் போத்தல்களின் லேபல்களைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

சுனாமியில் கடல் வந்து போகும் வரை நான் ஒரு கொழும்புப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். அதன் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. ஒரு நிறுவனம் கரையோரக் குடியிருப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் வேலையை எடுத்தது. ஆங்கிலமும் பாதையும் தெரிந்த ஆள் தேவை என்றார்கள். பத்திரிகை தருவதைவிட ஒழுங்காகச் சம்பளம் வரும் என்பதால் போய்ச் சேர்ந்தேன். குழாய், சீமெந்து, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வாங்குவது என் பொறுப்பு. மாதம் ஒரு முறை கொழும்புக்குப் போக வேண்டும்.

வேலைக்குத் தலைமை ஒரு பெண் பொறியியலாளர். மெண்டோசாக்காரி. அவரும் இன்னும் மூன்று வெளிநாட்டவரும் பாண்டிருப்பில், தமிழர் பகுதியில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். முஸ்லிம் ஊரில் குடியிருந்துகொண்டு மது அருந்துவது சரியில்லை என்று அவர்களாகவே தீர்மானித்து எடுத்த வீடு அது.

ஒரு நாள் கொழும்புப் பயணத்துக்கான சாமான் விபரத்தைச் சொல்லும்போது, கடைசியில் வைனும் வேண்டும் என்றார். கல்முனையிலும் அம்பாறையிலும் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பெயர்ப்பலகை போட்ட கடைகளுக்குப் போய்ப் பார்த்தாராம். சாராயமும் பியரும் இருந்தன. வைன் என்று கேட்டதும் இருமல் மருந்து போல இனிக்கும் ஒன்றைக் கொடுத்தார்களாம். விலை அதிகமில்லாமல், குடிக்கக்கூடியதாக, முடிந்தால் மலைத்தோட்டத்தில் விளைந்ததாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாரதியிடம் சொல்லவா என்றார்.

சாரதி பாண்டிருப்பைச் சேர்ந்தவர். கடல் வரும் வரை மீன்பிடித்தவர். தோணியும் வலையும் போன பிறகு வான் ஓட்டினார். சாராயம் குடிப்பார். வைனில் அவருக்கு மதிப்பில்லை. "நாவற்பழம் ஊறவச்ச தண்ணி காக்கா இது. இதுக்கு ஒரு மலை, ஒரு தோட்டம், ஒரு பேர்" என்பார். காக்கா என்பது முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்று அழைக்கும் எங்கள் பக்கத்துச் சொல். அவரிடம் தெரிவை விட்டால் கடைக்காரன் முதலில் காட்டுவதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். முதல் முறை அப்படித்தான் நடந்தது.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் பார்ப்பேன். அவர் எடுப்பார், காசு கொடுப்பார், காவுவார். மதுவைக் குடிப்பது மட்டுமல்ல, வாங்குவதும் விற்பதும் சுமப்பதும் எங்களுக்கு விலக்கு. பார்ப்பதை நான் என் உத்தியோகத்துக்குள் சேர்த்துக்கொண்டேன். மனைவி அப்படிச் சேர்க்கவில்லை. "பாக்கிற கண்ணுக்கும் கேள்வி இரிக்கி" என்றாள்.

கொழும்புக் கடையில் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுக்கு முன்னால் நிற்பேன். சாரதி ஒவ்வொரு போத்தலாக எடுத்துத் திருப்பிக் காட்டுவார். மலையகத் தமிழ் பேசும், நாற்பது வயதான ஒரு விற்பனையாளர் அங்கே இருந்தார். முதல் நாள் என் தாடியைப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், தொட்டுப் பாருங்க, கடிக்காதுங்க" என்றார்.

சாரதி முந்திக்கொண்டார். "அவர் கண்ணால மட்டும்தான் குடிப்பார். வெறிக்கிறது நமக்கு."

சுவைக்காத ஒருவன் எப்படி நல்லதைத் தெரிந்தெடுப்பது? எனக்கு உதவியது மீதிதான். சனி இரவுகளில் அவர்கள் குடிப்பார்கள். ஞாயிறு காலை வாகன ஒழுங்கு பேச நான் போகும்போது போத்தல்கள் பின் விறாந்தையில் நிற்கும். விலை கூடியது, பெயர் பெற்றது என்று எல்லோரும் புகழ்ந்த போத்தலில் பாதி கிடக்கும். யாரும் எதுவும் சொல்லாத மல்பெக் அடிமண்டி வரை போயிருக்கும். கூட்டத்தில் தலைவர் பேசியதை எழுதிவிட்டு, பின்வரிசையில் கதிரைகள் எவ்வளவு வெறுமையாய்க் கிடந்தன என்பதையும் பார்த்து எழுதிப் பழகியவனுக்கு இது புதிய வேலையல்ல.

மலை ஏன் என்று பொறியியலாளரிடம் கேட்டேன். அவருடைய ஊரில் மழை மிகக் குறைவு. மலையில் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால்களில் விட்டு, தோட்டங்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். எந்தத் தோட்டத்துக்கு எப்போது என்று பார்த்துக் கதவைத் திறக்க ஓர் ஆள் உண்டு. எங்கள் பக்கத்தில் குளத்துத் தண்ணீரை அப்படி முறை வைத்து விடுகிறவரை வட்டவிதானை என்போம் என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வட்டவிதானையோடு சண்டை பிடிப்பீர்களா என்று கேட்டார். பிடிப்போம் என்றேன். அங்கேயும் அப்படித்தான் என்றார்.

உயரத்தில் பகல் வெயில் கடுமை, இரவு குளிர் கடுமை. வெயிலுக்குப் பழத்தின் தோல் தடிக்கிறது, நிறம் கறுக்கிறது. குளிருக்குப் புளிப்புக் குறையாமல் நிற்கிறது. பள்ளத்தில் விளைந்தது இனித்துப்போய்ச் சப்பென்று முடியும். மேட்டில் விளைந்தது வாயில் நிற்கும் என்றார். மல்பெக் பிரான்சில் பிறந்த பழம், அங்கே அதற்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை. மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் நட்ட பிறகுதான் ஆளானது. நிலமும் பேரும் புதிது என்பதால் அந்த நாட்களில் விலையும் ஏறவில்லை.

மருதமுனை நெசவாளர் ஊர், அந்த ஊர்க்காரனுக்கு இதில் ஒரு பகுதி முன்பே தெரியும். ஒரே தறியில் நெய்த சாரன், கொழும்புக் கடையின் பெயர் ஒட்டியதும் விலை மாறும். வைனிலும் பெயர் பெற்ற பள்ளத்தாக்கை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைப் பார்த்தேன். லேபலில் உயரத்தை எழுதியிருப்பவன் அதில் பெருமைப்படுகிறவன். அவனுக்கு முதலிடம் கொடுத்தேன். போத்தல் மிகப் பாரமாக இருந்தால் காசு கண்ணாடிக்குப் போகிறது. எந்தப் போத்தல் பாரம் என்று சாரதியின் கை சொல்லும். லேபல் மங்கியிருந்தால், அல்லது போத்தல் மேல்தட்டில் விளக்கடியில் நின்றிருந்தால், அது வெந்துபோனது. எங்கள் நாட்டு வெக்கைக்கு, முடிந்தவரை பிந்திய வருடத்தை எடுப்பது பாதுகாப்பு. சிலி நாட்டு மலைச் சரிவுச் சிவப்பு ஒன்று மலிவாக வந்தது, நன்றாகப் போனது. அர்ஜென்டினாவின் வடக்கே, மேகம் தொடும் உயரத்தில் விளைந்த பூவாசமுள்ள வெள்ளை வைன் ஒன்றை நண்டுக்கறியோடு அவர்கள் முடித்தார்கள். இத்தாலியின் வடக்கு மலைகளிலிருந்து வந்தது அழகான லேபல், பாதி மிஞ்சியது.

ஒரு முறை லெபனான் வைன் ஒன்றைக் கண்டேன். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவேயுள்ள உயர்ந்த பள்ளத்தாக்கில் விளைந்தது. விலை நியாயம். லேபல் முழுவதும் அலங்கார அரபு எழுத்து. ஓதிப் பழகிய கண் எழுத்துக்கூட்டிப் பார்த்தது: பள்ளத்தாக்கின் பெயரும் தோட்டத்தின் பெயரும், வேறொன்றுமில்லை. எங்கள் ஊர்களில் அரபு எழுத்துள்ள துண்டுக் கடதாசி நிலத்தில் கிடந்தால் குனிந்து எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுத்தான் போவோம். அதை எடுக்கச் சொல்லவா வேண்டாமா என்று சற்று நேரம் நின்றேன்.

"என்ன காக்கா, ஓதுறீங்களா?" என்றார் சாரதி.

ஆறு போத்தல் எடுக்கச் சொன்னேன். அவை துளி மிச்சமில்லாமல் முடிந்தன.

போத்தல்கள் கண்டி, மகியங்கனை வழியாக வந்தன, சாரதியின் பழைய மீன் ஐஸ் பெட்டிக்குள், நனைத்த சாக்குச் சுற்றி. சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, மீன் வாசத்துக்கு முகத்தைத் திருப்பி, மூடச் சொன்னார்கள். சண்டை மறுபடி மூண்டிருந்த வருடம் அது. பாதையில் இறக்கி ஏற்றுவதிலேயே பகல் கழியும். சண்டை ஒரேயடியாய் முடிந்த வருடத்தில் அந்த நிறுவனம் வவுனியாவுக்கு மாறிப் போனது. அதுவரை தெரிவு என்னுடையதாகத்தான் இருந்தது.

ஆனால் வெற்றுப் போத்தல்கள் எங்கே போகின்றன என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. எழுதுகிற ஆளுக்கு முடிந்த செய்தியில் அக்கறை இல்லை.

சமையலறையில் பனிமலையைக் கண்ட அன்று, சம்மாந்துறைக்குக் குழாய் ஏற்றிப் போகும் வேலை இருந்தது. வான் புறப்பட்டதும் சாரதியிடம் கேட்டேன்.

"வெறும் போத்தலெல்லாம் என்ன செய்யிற நீங்க?"

"குடுக்கிறன்."

"ஆருக்கு?"

"தேன்காரக் காக்காவுக்குத்தான். நல்ல தடிச்ச போத்தல், தக்கை போடலாம் எண்டு கேட்டார். நம்மட மனிசி சாம்பல் போட்டு, சுடுதண்ணியில கழுவி, வெயில்ல கவுத்து வச்சுத்தான் குடுக்கிற. சும்மா சொல்லக்கூடாது, நம்மட வீட்டுக் கோப்பைகூட அப்பிடிக் கழுவுறல்ல."

"லேபல்?"

"அவர்தான் கழட்ட வேணாம் எண்டார். வடிவா இரிக்காம்."

சாராயப் போத்தலில் தேன் விற்பது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. காட்டுத்தேன் என்றாலே அந்தப் போத்தல்தான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் எல்லாப் பள்ளிவாசல்காரர் வீட்டிலும் அப்படித்தான் வாங்குவார்கள். கழுவியிருக்க வேண்டும், லேபலைச் சுரண்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சாராய லேபல் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுரண்டினார்கள். இதை ஒருவருக்கும் தெரியாது என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

"தம்பி, அது இப்ப என்ட வீட்டு மேசையில நிக்கிது. எங்கட பேஷ் இமாமும் ஒண்டு வாங்கியிரிக்காராம்."

சாரதி வானை ஓரங்கட்டி நிறுத்தினார். சிரிப்பை அடக்க ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அந்த மனிசன அடிப்பானுகளா காக்கா?"

"அடிக்க மாட்டாங்க. வாங்க மாட்டாங்க."

குழாய்களை இறக்கிவிட்டு இறக்காமத்துக்குப் போனோம். தேன்காரரின் வீடு குளத்துக்குக் கிட்ட. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த, நிதானமான மனிதர். அவருக்கு நாலு ஏக்கர் வயல். அந்தச் சிறுபோகத்தில் கதிர் முற்றும் நேரத்தில் யானை இறங்கி, தின்றது பாதி, மிதித்தது மீதி. எஞ்சியது வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போதவில்லை. விதைநெல் இல்லை. பெரும்போகத்துக்கு உழுது விதைக்க அவரிடம் இருந்த ஒரே வழி தேன். ஆயுதக்காரர் நடமாட்டத்தால் காட்டுக்குள் ஆட்கள் போகப் பயந்த காலம் அது, இவர் போனார். நோன்பு தொடங்க ஒரு வாரம் இருந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு கரண்டி தேனை விரும்பாத வீடு கரையில் குறைவு. அந்த ஒரு மாதத்தில் தேன் போனால் வயல் விளையும். போகாவிட்டால் தரிசு.

இதையெல்லாம் அவர் தானாகவே சொன்னார், நாங்கள் தேன் வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்து. உள்ளறைச் சுவரோரம் போத்தல்கள் வரிசையாக நின்றன. மெண்டோசா மலை, சிலி மலை, மறுபடி மெண்டோசா.

"சனம் போத்தலப் பாத்தே வாங்குது தம்பி. மலைத்தேன் எண்டு அவங்களாத்தான் பேர் வச்ச. நான் ஒண்டும் சொல்லல்ல. கேட்டா, ஓம், காடும் மேடுந்தானே எண்டு சொல்லுவன்."

அலுமாரிக்கு மேலே, வெள்ளைச் சீலையால் மூடி, தனியாகச் சில போத்தல்கள் இருந்தன. அவை என்ன என்று கேட்டேன்.

"அது விக்கிறதுக்கில்ல." மெதுவாகச் சீலையை விலக்கினார். லெபனான் போத்தல்கள். ஆறும் இருந்தன. "அரபு எழுத்து இரிக்கி. எழுத்துக்கூட்டிப் பாத்தன், ஊர்ப்பேர் மாதிரி விளங்கிச்சு. அரபு நாட்டுல தேன் போட்ட போத்தலாக்கும். காலடியில வைக்கேலாதே. தலை நோன்பண்டு பள்ளிக்குக் குடுக்கப் போறன். போகம் பாழாப் போச்சு, மனசில வச்ச நிய்யத்தாவது சரியா இரிக்கட்டும்."

சாரதி வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லாமல் விட்டால் அவருடைய தேன் விற்றுவிடும், வயல் விதைக்கப்படும். ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் கூட்டத்தில், அரபு நாட்டில் வருடக்கணக்காக இருந்து வந்த யாராவது ஒருவர் அந்த அரபுப் போத்தலைக் கையில் எடுத்து, இன்னதென்று கண்டுவிடுவார். அன்று தேன்காரர் இந்த ஊரில் எந்த முகத்தோடு நிற்பார்?

சொன்னேன். எந்தப் போத்தலில் என்ன இருந்தது, எங்கே குடித்தார்கள், யார் கழுவியது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். முடிந்ததும் அவர் அலுமாரியைப் பார்த்தார்.

"அரபு எழுத்துப் போட்டா?"

"அங்க கிறிஸ்தவ ஆக்களும் இரிக்காங்க காக்கா. அவங்கட பாசையும் அரபுதான்."

"யா அல்லாஹ்" என்றார். பிறகு, "சாராயப் போத்தல்லயும்தான் ஊத்தி வித்தம்" என்றார். யாரையும் பார்த்து அல்ல.

சாரதி வாசலில் நின்றபடி பேசினார். "காக்கா, என்னில பிழைதான். லேபல உரிச்சுத் தந்திரிக்கணும். எல்லாத்தையும் அம்பாறைக்குக் கொண்டு போவம். அங்க சிங்கள ஆக்கள் சந்தோசமா வாங்குவாங்க."

"சாவடியில ஒவ்வொரு போத்தலாத் தக்கை கழட்டிப் பாப்பான் மனே. போய்ச் சேரக்குள்ள தேன்ல எறும்புதான் மிஞ்சும்." முதன்முறையாகச் சிரித்தார். "மௌலவிக்கிட்டக் கேப்பம். என்னெண்டாலும் கேட்டுட்டுச் செய்வம்."

மௌலவி இளைஞர். பள்ளி விறாந்தையில் இருந்து, மலை லேபலையும் அரபு லேபலையும் மாறி மாறிப் பார்த்தார். பாத்திரம் கழுவப்பட்டால் சுத்தம், தேனில் ஒரு குறையும் இல்லை என்றார். லேபல் இருக்கக் கூடாது. மலைத்தேன் என்ற பேரும் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது மலைத்தேன் அல்ல. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இனி வாங்க வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது.

"கேட்டா மட்டும் சொன்னாக் காணாதா?" என்றார் தேன்காரர்.

"காணும் எண்டு உங்கட மனசு சொன்னா, என்னட்ட ஏன் கேக்கிறீங்க?"

தேன்காரர் அரபு லேபல்களை உரித்து என்ன செய்வது என்று கேட்டார். மௌலவி இதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார். மது லேபலுக்கு மரியாதை செய்ய முடியாது. அரபு எழுத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. "எழுத்து எழுத்துத்தானே" என்றார் கடைசியில். "பழைய ஓதுற கிதாபுக் கடதாசிகளப் புதைக்கிற இடத்துல புதைச்சிருங்க. நிய்யத்து எழுத்துக்கு, சாமானுக்கில்ல."

அஸர் தொழுகை வரை குளக்கரையில் இருந்து லேபல் உரித்தோம். உரித்தவர்கள் அவர்கள் இருவரும். நான் கரையில் நின்றேன். அர்ஜென்டினாப் பசை நல்ல பசை. ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, தென்னந்தும்பால் தேய்க்க வேண்டியிருந்தது. நிரம்பிய போத்தல்களைத் தக்கைக்குள் தண்ணீர் போகாமல் கழுத்தளவில் பிடித்துக்கொண்டு சாரதி தண்ணீருக்குள் நின்றார்.

"காக்கா, நீங்க இறங்கினா என்ன? உள்ளுக்க இப்ப தேன்தானே" என்று கூப்பிட்டார்.

தேன்காரர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "விடுங்க. அவர் பாக்கட்டும். அவர்ர உத்தியோகம் அதுதானே."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கண்ணாடி நான் நினைத்திருந்ததைவிடப் பாரமாக இருந்தது. அரபு லேபல் ஆறையும் காயவைத்து, மடிக்காமல், பள்ளி வளவின் மூலையில் தேன்காரரே புதைத்தார்.

அந்த வாரம் கல்முனை மாக்கட்டில், ஒரு பகல் முழுவதும், தேன்காரருக்கு எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்து பார்த்தேன். லேபல் இல்லாத போத்தல்களை வைத்துக்கொண்டு இருந்தார். வந்த முதல் பெண், மலைத்தேன் எங்கே என்று கேட்டார்.

"மலைத்தேன் எண்டு ஒண்டும் இல்ல தங்கச்சி. இது இறக்காமத்துக் காட்டுத்தேன். முதல்ல தந்ததும் இதான். அந்தப் போத்தல் வெள்ளக்காரன் குடிச்ச போத்தல். கழுவித்தான் ஊத்தின. மௌலவிக்கிட்டயும் கேட்டாச்சு."

"அப்ப போன கிழம எனக்குத் தந்தது?"

"அதுவும்."

"என்ட பேரப்புள்ளட நாக்குல தடவின நான்!"

"தேனத்தானே தடவின. புள்ள சுகமா?"

"சுகந்தான்" என்று அந்தப் பெண் சொன்னார். சொல்லிவிட்டு வாங்காமல் போனார். அதற்குப் பின் வந்தவர்களில் சிலர் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ப் போத்தலைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள், தேன்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு கடைக்கார முதலாளி, இதை ஏன் வெளியே சொன்னாய், வாயை மூடிக்கொண்டு விற்றிருக்கலாமே என்று ஏசினார். அவரும் வாங்கவில்லை. எங்கள் பேஷ் இமாம் தேனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தேனைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு வெறும் போத்தலை மட்டும் அனுப்பியிருந்தார்.

என் மனைவி எங்கள் தேனை ஒரு ஜாம் போத்தலுக்கு மாற்றினாள். "லேபலப் பாத்த உடனே தெரிஞ்சிச்சாக்கும், ஒரு எழுத்துக்கூட வாசிக்காம" என்றாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பொறியியலாளரிடம் நடந்ததைச் சொன்னபோது, எந்த மல்பெக் என்று முதலில் கேட்டார். சொன்னேன். அது நல்ல தெரிவு என்றார். பிறகு மிச்சத் தேன் எல்லாவற்றையும் தானே வாங்குகிறேன் என்றார். தேன்காரர் சம்மதிக்கவில்லை. பொறியியலாளரும் மற்ற மூவரும் எவ்வளவு தின்பார்களோ அவ்வளவுக்கு மட்டும் கொடுத்தார். மற்றதைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்வது தேனுக்கு அவமரியாதை என்று சாரதியிடம் சொல்லி அனுப்பினார்.

நோன்பு முடியும்போது அவருடைய வீட்டுச் சுவரோரத்தில் போத்தல்கள் இன்னும் நின்றன. பெருநாளுக்குப் பிறகு மழை தொடங்கியது. வட்டவிதானை முறை சொல்லி வாய்க்காலைத் திறந்தார். அந்தப் பெரும்போகத்தில் தேன்காரரின் நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கர் விதைக்கப்பட்டது.